கடை போன் யார் கையில் மணி அடிக்கிறது?

சரக்கு இருப்பை மாதம் ஒரு முறை எண்ணிப் பார்க்கிறோம். பாக்கி நோட்டை வாரம் ஒரு முறை புரட்டுகிறோம். தராசுக்கு முத்திரை போட்டு வைக்கிறோம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போனை நம்மில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கிறதா, கேட்கிறது, சரி என்று வைத்துவிடுகிறோம்.

அந்த டயல் டோனை நம்பி இரண்டு மாத வியாபாரத்தை விட்டவன் நான். வெட்கத்தைப் பார்க்காமல் அதை இங்கே எழுதக் காரணம், நம் பகுதி வணிகப் பெருமக்கள் வேறு யாருக்கும் அது நடக்கக் கூடாது என்பதுதான்.

எங்கள் மளிகைக் கடை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது. 26 என்று தொடங்கும் எங்கள் கடை எண், மஞ்சள் பையிலும் தினக் காலண்டரிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சாகி வருகிறது. செம்புக் கம்பி இணைப்பாக இருந்ததை, கண்ணாடி இழை இணைப்பாக மாற்றி, ரவுட்டர் என்னும் சிறு பெட்டியை வைத்து, பழைய போனையே அதில் செருகிக் கொடுத்தார்கள். எண் மாறவில்லை. போன் மாறவில்லை. ஆகவே எதுவுமே மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஊர்க் கொடைக்குக் குடும்பத்தோடு போக வேண்டியிருந்தது. கடை போனுக்கு வரும் அழைப்புகள் கடைத் தம்பியின் செல்போனுக்குப் போகும்படி மாற்றி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் அதை எடுக்க மறந்துவிட்டேன். ஆனியில் அந்தத் தம்பி சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று சொல்லி விலகினான். நல்லபடியாகத்தான் அனுப்பி வைத்தேன், கைமாற்றும் கொடுத்தேன். அதன்பின் கடை போன் அடிக்கவே இல்லை. இந்தக் காலத்தில் லேண்ட்லைனுக்கு யார் பேசுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆவணி முதல் வாரத்தில் பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர் நேரில் கடைக்கு வந்தார்.

“என்ன அண்ணாச்சி, கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டீங்களா?”

“இல்லையேம்மா, ஏன் கேக்குறீங்க?”

“போன் போட்டா அதுதானே எடுக்குது. லிஸ்ட் சொன்னா வண்டியில கொண்டாந்து குடுத்துட்டுப் போகுது. நீங்க இன்னொரு கடை திறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவர் போனதும் கல்லாவில் நின்றபடியே என் செல்போனிலிருந்து கடை எண்ணைக் கூப்பிட்டேன். எதிரே இருந்த போன் வாயே திறக்கவில்லை. செல்லில் மட்டும் மணி போனது. “சொல்லுங்க அண்ணாச்சி” என்றது அந்தக் குரல்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. “மாத்தி விட்டது நீங்கதானே அண்ணாச்சி. ஒரு மாசம் பொறுத்துப் பாத்தேன், நீங்க எடுக்கவே இல்ல” என்றான். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனாலும் கதவைத் திறந்து வைத்தது நான்தான். விட்டுப்போன வீடுகளில் பாதி திரும்பி வந்தன, மீதி வரவில்லை.

பிணப்பெட்டி வியாபாரியின் கோபம்

இது புதுக் கதை அல்ல. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச் சடங்குத் தொழில் செய்து வந்தார். அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெண்மணிதான் அழைப்பைக் கையால் இணைத்துக் கொடுப்பார். ஊரில் அதே தொழில் செய்த போட்டியாளரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார் என்றும், ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளைத் தன் கணவருக்கே திருப்பி விட்டார் என்றும் சொல்வார்கள். அந்தக் கோபத்தில், மனிதக் கை படாமல் தானே இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்தை அவர் கண்டுபிடித்தார். 1891 மார்ச் 10 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1892-ல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சுகள் நெடுங்காலம் ஓடின.

ஆக, தானியங்கி டெலிபோன் பிறந்ததே ஒரு வியாபாரியின் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போனதால்தான். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் வந்த மின்னணு எக்ஸ்சேஞ்சுகள், அழைப்பைத் திருப்பி விடும் அதிகாரத்தை நம் கையிலேயே கொடுத்துவிட்டன. அதிகாரம் நம்மிடம் இருக்கும்போது கணக்கும் நாம்தானே வைக்க வேண்டும்?

கம்பி போய் இழை வந்தது

தொண்ணூறுகளில் மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தபோது ‘போன் பிளஸ்’ என்று சில வசதிகள் கொடுத்ததை மூத்த உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு முன் சுற்று டயல் போனின் துளையில் சிறிய பூட்டு மாட்டி எஸ்.டி.டி. செலவைக் காத்தோம். போன் பிளஸ் வந்தபின் ரகசிய எண் போட்டு எஸ்.டி.டி.யைப் பூட்டினோம். மூன்று இலக்கக் குறியீடு போட்டு அழைப்பை மாற்றினோம். சி-டாட், இ-10பி என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்பக் குறியீடும் மாறும். அந்தச் சீட்டை டைரியில் ஒட்டி வைத்திருந்த கடைக்காரர்கள் பலர்.

அன்று போன் என்பது வெறும் வாயும் காதும்தான். மூளை எக்ஸ்சேஞ்சில் இருந்தது. மின்சாரமும் அங்கிருந்துதான் வந்தது. 48 வோல்ட் பேட்டரி மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே கடைக்கு வரும். தெருவெல்லாம் இருட்டாக இருந்தாலும் போன் மட்டும் உயிரோடு இருக்கும்.

கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆகவே எக்ஸ்சேஞ்ச் செய்து வந்த பல வேலைகளை இப்போது கடையில் இருக்கும் ரவுட்டர் செய்கிறது. டயல் டோன் கொடுப்பது ரவுட்டர். மணி அடிக்க வைப்பது ரவுட்டர். பட்டனை அழுத்தும்போது வரும் ஓசையைக் கேட்டு, எந்த எண் என்று புரிந்துகொண்டு, பேச்சைக் கணினித் துணுக்குகளாக மாற்றிக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புவதும் அதுவே. உங்கள் பழைய போனுக்கு இது எதுவும் தெரியாது. இன்னும் எக்ஸ்சேஞ்சோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றே அது நினைக்கிறது.

ஒரு கடைக்கு இரண்டு மேனேஜர்

நான் பட்ட பாட்டில் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் இதுதான்: இப்போது உங்கள் போனுக்கு இரண்டு மேனேஜர்கள். ஒருவர் கம்பெனியின் சர்வர். மற்றவர் உங்கள் ரவுட்டர். அழைப்பு மாற்றம், அழைப்புக் காத்திருப்பு போன்ற வசதிகளை இரண்டு பேருமே செய்யக் கூடும். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

தம்பியின் எண்ணுக்குப் போவதை நிறுத்த, பழைய மூன்று இலக்கக் குறியீட்டைப் போட்டேன். தவறான எண் என்றது. விசாரித்துப் புதுக் குறியீட்டைப் போட்டேன். ‘ரத்து செய்யப்பட்டது’ என்று குரல் வந்தது. ஆனாலும் அழைப்பு அவனுக்கே போனது. காரணம், அந்த மாற்றத்தை எனக்கு வைத்துக் கொடுத்த ஆள், ரவுட்டரின் உள்பக்கத்தில் வைத்திருந்தார். நான் ரத்து செய்தது சர்வரிடம். சர்வரிடம் எதுவும் இல்லை. ‘சரி’ என்று சொல்லிவிட்டது.

எந்த மேனேஜரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரவுட்டரின் மின் இணைப்பை அணைத்துவிட்டு, செல்போனிலிருந்து கடை எண்ணைக் கூப்பிடுங்கள். அப்போதும் அழைப்பு வேறு எண்ணுக்குப் போகிறதென்றால், மாற்றம் கம்பெனி சர்வரில் இருக்கிறது. ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று வந்து, ரவுட்டரை மீண்டும் போட்டதும் அழைப்பு மாறிப் போகிறதென்றால், மாற்றம் ரவுட்டரில் இருக்கிறது.

எதில் வைப்பது நல்லது? என் கட்சி, சர்வரில்தான். ரவுட்டரில் வைத்தால் மின்சாரம் போனவுடன் மாற்றமும் போய்விடும். சர்வரில் வைத்தால் கடை இருட்டாக இருந்தாலும், ரவுட்டர் எரிந்தே போனாலும், அழைப்பு உங்கள் செல்லுக்கு வந்து சேரும். ஒரே வசதியை இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள். ரவுட்டரில் உள்ளதை அணைத்து வைத்துவிட்டு, சர்வர் வசதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

அழைப்பு மாற்றம் மூன்று வகை

எல்லா அழைப்பையும் மாற்றுவது முதல் வகை. கடை போன் மணியே அடிக்காது. என்னைக் கவிழ்த்தது இதுதான். கடை பூட்டியிருக்கும் நாளுக்கு மட்டும் இது பொருந்தும்: மே 5 வணிகர் தினம், ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம்.

லைன் பிஸியாக இருந்தால் மட்டும் மாற்றுவது இரண்டாவது வகை. பண்டிகைக் காலத்தில் கடை போனில் ஒருவர் லிஸ்ட் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அடுத்தவர் உங்கள் செல்லுக்கு வருவார்.

எடுக்காவிட்டால் மாற்றுவது மூன்றாவது வகை. ஐந்தாறு முறை மணி அடித்தபின் செல்லுக்குப் போகும். தினசரி வியாபாரத்துக்கு இதுதான் சிறந்தது. கடையில் ஆள் இருந்தால் கடை எடுக்கும்; ஷட்டரை இறக்கிவிட்டால் உங்கள் சட்டைப் பையில் மணி அடிக்கும். மறந்து விட்டாலும் கடை போன் முதலில் அடிக்கும் என்பதால் ஏமாற வழியில்லை.

குறியீடுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உலகில் பரவலாக உள்ள வழக்கத்தில் எல்லா அழைப்புக்கும் 21, பிஸிக்கு 67, எடுக்காததற்கு 61, அழைப்புக் காத்திருப்புக்கு 43. முன்னால் ஸ்டார் போட்டால் வசதியை வைப்பது, ஹேஷ் போட்டால் எடுப்பது, ஸ்டாரும் ஹேஷும் சேர்த்துப் போட்டால் ‘இருக்கிறதா’ என்று கேட்பது. கடைசியில் ஹேஷ் போட்டு முடிக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் இதைப் பின்பற்றுவதில்லை. ஆகவே இணைப்புக் கொடுக்க வருபவரிடமே உங்கள் கம்பெனியின் குறியீடுகளை எழுதி வாங்கிக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மாற்றிய பிறகு, கூப்பிடுபவர் உங்கள் கடை எண் வரைக்கும்தான் கட்டணம் தருகிறார். அங்கிருந்து செல்போனுக்குப் போகும் பகுதி உங்கள் பில்லில் ஏறும். அளவில்லாத் திட்டமா, இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடை போனைச் செல்லுக்கும், செல்லைக் கடை போனுக்கும் மாற்றி வைக்காதீர்கள். வாடிக்கையாளர் செக்குமாடு போலச் சுற்றி வருவார். யார் கையிலும் மணி அடிக்காது.

காத்திருப்பும் ஃபிளாஷ் பட்டனும்

‘எங்கேஜ்’ சத்தம் கேட்ட வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போன் போடுவார். அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் அவருக்கு மணி போகும். உங்களுக்குப் பேச்சின் நடுவே ‘பீப்’ என்று கேட்கும். போனில் உள்ள ஃபிளாஷ் பட்டனைத் தட்டினால் முதல்வரை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டாமவரிடம் பேசலாம்.

இங்கேதான் பலருக்குச் சிக்கல். “ஃபிளாஷ் அழுத்தினால் இரண்டு பேருமே கட் ஆகிவிடுகிறார்கள்” என்பார்கள். ஃபிளாஷ் என்பது லைனை நொடிப்பொழுது துண்டித்துச் சேர்ப்பதுதான். அந்த நொடிப்பொழுது போனுக்குப் போன் வேறு. சில போன்களில் 100 மில்லி செகண்டு, சிலவற்றில் 300, சிலவற்றில் 600. ரவுட்டர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால் அதன் காதில் ஏறாது. அதிகமாக இருந்தால் போனையே வைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பல போன்களில் இந்த நேரத்தை மாற்றும் சிறு சுவிட்சு அல்லது மெனு இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ரவுட்டரின் அமைப்பில் மாற்றச் சொல்லுங்கள்.

பிஸி மாற்றமும் காத்திருப்பும் இரண்டையும் வைத்தால், பெரும்பாலும் காத்திருப்பே முந்திக்கொள்ளும். கல்லாவில் ஒரே ஆள் இருக்கும் சிறு கடைக்கு பிஸி மாற்றம் நல்லது. வீட்டில் இருப்பவர் எடுப்பார். போனுக்கென்றே ஆள் உள்ள மொத்தக் கடைக்குக் காத்திருப்பு நல்லது.

மூவர் பேச்சு மொத்த வியாபாரிகளுக்கு உதவும். செங்குன்றம் அரிசி மில்லையும் லாரி ஷெட்டையும் ஒரே நேரத்தில் லைனில் வைத்துக்கொண்டு வாடகையைப் பேசி முடித்துவிடலாம். பின்னால் ‘அப்படிச் சொல்லவில்லை’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பழைய போனின் நான்கு பிடிவாதங்கள்

ஒன்று, பல்ஸ் முறை. சுற்று டயல் போனும், ‘பி’ பக்கம் சுவிட்சு உள்ள பட்டன் போனும் லைனை வெட்டி வெட்டி எண்ணைச் சொல்லும். பல ரவுட்டர்களுக்கு அது புரியாது. ஸ்டாரும் ஹேஷும் அதில் கிடையவே கிடையாது. சுவிட்சை ‘டி’, அதாவது டோன் பக்கம் தள்ளுங்கள். டோன் முறையில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஓசைகள் சேர்ந்து ஒலிக்கும். 5 அழுத்தினால் 770, 1336 என்ற இரு அலைவரிசைகள். ரவுட்டர் கேட்பது அதைத்தான்.

இரண்டு, காலர் ஐ.டி. யார் கூப்பிடுகிறார் என்ற எண்ணைப் போனுக்குத் தெரிவிக்க டி.டி.எம்.எப்., எப்.எஸ்.கே. என்று இரு முறைகள் உண்டு. ரவுட்டர் ஒன்றில் அனுப்ப, பழைய போன் மற்றொன்றை மட்டும் அறிந்திருந்தால் திரையில் எதுவும் வராது. போன் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். ரவுட்டரில் முறையை மாற்றினால் வந்துவிடும்.

மூன்று, மணியின் பாரம். கடை, குடோன், மாடி வீடு என்று ஒரே லைனில் ஐந்து போன் மாட்டியிருப்போம். எக்ஸ்சேஞ்ச் தாங்கியது, ரவுட்டர் தாங்காமல் போகலாம். மணி மெலிந்து ஒலித்தாலோ, எடுத்தவுடன் கட் ஆனாலோ, போன்களைக் குறைத்துப் பாருங்கள். இன்னொன்றும் முக்கியம்: சுவரில் உள்ள பழைய செம்பு இணைப்பை முழுவதும் கழற்றாமல், அதே ஒயரில் ரவுட்டரைச் செருகக் கூடாது. அந்தக் கம்பியில் இன்னும் மின்சாரம் இருந்தால் ரவுட்டரின் போன் துவாரம் போய்விடும்.

நான்கு, முன்னால் வைக்கும் சைபர். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 போட வேண்டும். போனின் மெமரி பட்டன்களில் பழைய எண்கள் 0 இல்லாமல் இருந்தால் திருத்துங்கள். அழைப்பு மாற்றத்துக்குக் கொடுக்கும் செல் எண்ணையும் 0 சேர்த்துக் கொடுத்துச் சோதியுங்கள். எண் போட்டபின் சில நொடி மௌனமாக இருந்தால் பதற வேண்டாம். இன்னும் இலக்கம் வருமா என்று ரவுட்டர் காத்திருக்கிறது. கடைசியில் ஹேஷ் அழுத்தினால் பல ரவுட்டர்களில் உடனே போய்விடும்.

மழையும் மின்வெட்டும்

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்ததையும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றதையும் யாரும் மறந்திருக்க முடியாது. பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் சிக்னலும் பல இடங்களில் இல்லை. பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் கேட்டு வாடிக்கையாளர்கள் தேடியது நம் கடைகளைத்தான்.

செம்புக் கம்பி இருந்த நாளில் போனுக்குத் தனி மின்சாரம் தேவைப்படவில்லை. இன்று ரவுட்டருக்குத் தேவை. கடை இன்வெர்ட்டரில் ரவுட்டரின் பிளக்கையும் சேருங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். வாங்கலாம். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். கார்டுலெஸ் போனின் அடிப்பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். ரவுட்டரைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நெட் வரவில்லை என்று கடைப் பையன்கள் ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்துவார்கள். அது ரீசெட். பல ரவுட்டர்களில் போனுக்கான பதிவும் அதோடு அழிந்துவிடும். பின்பு கம்பெனி ஆள் வந்தால்தான் போன் பேசும். தேவையானால் சுவிட்சை அணைத்துப் போடச் சொல்லுங்கள், ஊசி வேண்டாம்.

பூட்டும் சாவியும்

ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே விட்டு வைத்தால், கடை வைஃபையில் நுழைந்த எவரும் அதைத் திறந்து அழைப்பை மாற்ற முடியும். அதை மாற்றி, கணக்கு நோட்டோடு பத்திரப்படுத்துங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் விருந்தினர் இணைப்பாகத் தனியே கொடுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத கடைகள் ஐ.எஸ்.டி. வசதியை எழுதிக் கொடுத்து மூடிவிடுவது நல்லது.

செல்போனிலும் இதே அபாயம் இருக்கிறது. “கூரியர் வந்திருக்கிறது, இந்த நம்பரை டயல் செய்யுங்கள்” என்று ஒருவன் சொல்வான். ஸ்டார் 401 என்றோ, 21 என்றோ தொடங்கும் அந்த எண், உங்கள் அழைப்புகளை அவனுக்கு மாற்றும் குறியீடு. பிறகு வங்கியின் ஓ.டி.பி. குரல் அழைப்பும் அவன் கைக்கே போகும். இதைத் தடுக்க, 2024 ஏப்ரல் 15 முதல் யு.எஸ்.எஸ்.டி. குறியீட்டு வழி அழைப்பு மாற்றத்தை நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் ஏமாற்றுக்காரர்கள் ஓயவில்லை. முன்பின் தெரியாதவர் சொல்லும் எந்தக் குறியீட்டையும் டயல் செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ் போட்டுப் பாருங்கள். அழைப்பு மாற்றங்களை மொத்தமாக ரத்து செய்யும் குறியீடு அது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

எண்ணை விடாதீர்கள்

செல்போன் எண்ணை 2011 முதல் நாடு முழுவதும் கம்பெனி மாற்றி எடுத்துச் செல்ல முடிகிறது. லேண்ட்லைன் எண்ணுக்கு நம் நாட்டில் அந்த வசதி இல்லை. சலுகைக்காகக் கம்பெனி மாறினால் மஞ்சள் பையில் அச்சடித்த எண் போய்விடும். அதே கம்பெனியில் இழை இணைப்புக்கு மாறினால், பழைய எண்ணையே தருகிறார்களா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய இணைப்பைக் குறைந்த கட்டணத்தில் ஓராண்டாவது வைத்திருந்து, அழைப்பைப் புது எண்ணுக்கு மாற்றி விடுங்கள்.

கடைசியாக ஒரு வழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை திறந்து விளக்கேற்றியதும், செல்போனிலிருந்து கடை எண்ணைக் கூப்பிடுங்கள். முதலில் கடை போன் அடிக்கிறதா? எடுக்காமல் விட்டால் சரியான கைக்குப் போகிறதா? பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் என்ன ஆகிறது? மூன்று அழைப்பு, மூன்று நிமிடம். கடையிலிருந்து ஓர் ஆள் விலகும்போது சாவிக் கொத்தைத் திரும்ப வாங்குகிறோம் அல்லவா? அன்றைக்கே இந்தச் சோதனையையும் செய்யுங்கள்.

அந்தத் தம்பி இப்போது பட்டாபிராம் பக்கத்தில் நன்றாகவே கடை நடத்துகிறான். போன வாரம் கொள்முதல் செய்த இடத்தில் பார்த்தேன். “அண்ணாச்சி, என் கடைக்கும் லேண்ட்லைன் வாங்கிட்டேன்” என்றான். மாதம் முதல் தேதி சோதித்துப் பார்க்கும் விஷயத்தை முதலில் அவனுக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன்.